காதுக்காரர் வீட்டு பிரேக்

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, இரவு உணவு வேளையில், ஒரு தகப்பனார் தம் சொந்த மகளைத் தம் சொந்தக் காரில் ஏற்றிச் செல்லக் கூடாது என்று தீர்ப்பு வழங்கப்பட்டது. முறையான விசாரணை நடைபெறவில்லை. எதிர்வாதம் கேட்கப்படவில்லை. தீர்ப்பு வழங்கியவர் மனைவி. அவர் கையில் கரண்டி இருந்தது.

தண்டிக்கப்பட்டவர் சாதாரண ஆள் அல்லர். கடைவீதியில் செவித்திறன் சோதிக்கும் நிலையம் நடத்துபவர். காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்திக் கேட்க வைப்பவர். ஊரில் அவருக்குக் 'காதுக்காரர்' என்றே பெயர். அடுத்த அறையில் எதுவேனும் விழுந்தால், அது கண்ணாடியா பீங்கானா என்பதையும், விழுந்ததா போடப்பட்டதா என்பதையும் இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

அவருடைய ஒரே மகள் நிறைமாதக் கர்ப்பிணி. மருமகன் கப்பல் பொறியாளன். குழந்தை தவழத் தொடங்கிய பிறகுதான் கரையேறுவான் போலிருந்தது. ஆகவே வலி கண்டதும் மகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு காதுக்காரருடையதாயிற்று. அதற்காக அவர் மாதக்கணக்கில் ஆயத்தமாகியிருந்தார். டிக்கியில் துணிப்பெட்டி, பின் இருக்கையில் புதிய மெத்தை, வழியில் எந்தப் பள்ளத்தை எந்தப் பக்கமாக ஒதுக்குவது என்ற மனப்பாடம் எல்லாம் தயார். பேரக்குழந்தை உலகத்துக்கு வரும் பாதையில் தாமே சாரதி என்பதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமன்று.

அந்தப் பெருமையின் மீதுதான் மைத்துனர் கை வைத்தார்.

மைத்துனர் என்பவர் மனைவியின் தம்பி, காப்பீட்டு முகவர். மாற்றலாகி வந்து, முந்தைய நாள்தான் மாடியில் குடியேறியவர். சோற்றில் குழம்பை ஊற்றியபடியே தொடங்கினார்.

"அக்கா, அத்தான் வண்டியில பிரேக் என்னமா கத்துது தெரியுமா? பின்னாடி வந்த எனக்கே பல்லு கூசிடுச்சு!"

பிரேக் கத்தாது, கிறீச்சிடும் என்று திருத்தக்கூடக் காதுக்காரருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. மனைவி திரும்பினார்.

"என்னங்க, நிஜமாவா?"

காதுக்காரர் பொய் சொல்லிப் பழகாதவர். "ஆமா, எனக்கும் கேட்டுச்சு. காலையில சிக்னல்ல நிறுத்தும்போது லேசா..."

"கேட்டுச்சா? கேட்டுட்டு வந்துதான் வக்கணையா உக்காந்து சாப்பிடுறீங்களா?"

"லேசா இல்லக்கா," என்றார் மைத்துனர். "தெருவே திரும்பிப் பாக்குது. நான் பயமுறுத்தல. ஆனா என் தொழில்ல நான் பாக்காத கேஸா? எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. 'லேசாத்தான் சத்தம் வந்துச்சு சார்'னு. படுத்துக்கிட்டே சொல்வாங்க."

மகள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை.

"அந்தச் சத்தம் போற வரைக்கும் இவ அந்த வண்டியில கால் வைக்க மாட்டா. தம்பி வண்டி இருக்கு. அதுல போயிக்கலாம்."

"அம்மா, மாமாவுக்கு ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்னே தெரியாது," என்றாள் மகள்.

"தெரியாட்டி தெரிஞ்சுக்குவான். பிரேக் இல்லாத வண்டிக்கு வழி தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?"

மைத்துனருக்கு ஊரில் எந்தப் பக்கமும் தெரியாது என்பது உண்மைதான். அவருடைய அலுவலகம் காதுக்காரரின் நிலையத்துக்கு அடுத்த கட்டடத்தில் இருந்ததால், காலையும் மாலையும் அத்தான் காரின் பின்விளக்கைப் பார்த்தே தம் காரை ஓட்டி வந்தார். அப்படிப்பட்டவருக்குச் சாரதிப் பதவி கொடுக்கப்பட்டதைக் காதுக்காரரால் செரிக்க முடியவில்லை. மறுநாளே நிலையத்தை உதவியாளரிடம் விட்டுவிட்டு மெக்கானிக்கிடம் போனார்.

மெக்கானிக் காரை எடுத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார். வேகமாகப் போய் நிறுத்தினார். மெதுவாகப் போய் நிறுத்தினார். கார் ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றது.

"எங்க சார் சத்தம்?"

"இங்க வராது. ரோட்டுலதான் வரும்."

"இதுவும் ரோடுதான சார்?"

"டாக்டரைப் பாத்ததும் பல்வலி நிக்குதில்ல? அந்த மாதிரி."

மெக்கானிக் முன்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே டார்ச் அடித்து, அவரை அருகில் அழைத்தார்.

"நல்லா பாத்துக்குங்க சார். இதுதான் பிரேக் பேட். சக்கரத்தோட சுத்துற இந்த டிஸ்க்கை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். பிடிக்கப் பிடிக்கத் தேயும். தேஞ்சா அதுவே சொல்லிரும். ஓரத்துல தகடு ஒண்ணு நாக்கு மாதிரி நீட்டிட்டு இருக்கு பாருங்க. பேட் மெலிஞ்சதும் அந்த நாக்கு டிஸ்க்ல உரசி கீச்சுன்னு கத்தும். அதுதான் மாத்த வேண்டிய நேரம்."

"அப்பவும் மாத்தாட்டி?"

"கத்திக் கத்திப் பாத்துட்டு நாக்கும் தேஞ்சிரும். அப்புறம் இரும்பும் இரும்பும் கரகரன்னு அரைக்கும். பெடல் ஆழமா போவும், வண்டி சீக்கிரம் நிக்காது. ஆனா உங்களுது அப்படி இல்ல சார். பாருங்க, நாக்கு டிஸ்க் பக்கமே போகல. பாதிக்கு மேல பேட் இருக்கு. ஜம்முனு ஓட்டுங்க."

"மாத்திடுங்க."

"நல்லா இருக்கிறதை எதுக்கு சார் மாத்தணும்?"

"நான் சத்தத்தைக் கேட்டேன். உங்க கண்ணு பெருசா, என் காது பெருசா?"

மெக்கானிக் நிமிர்ந்து அவர் காதுகளைச் சிறிது நேரம் பார்த்தார். "காதுதான் சார் பெருசு," என்று ஒப்புக்கொண்டு புது பேட் மாட்டினார்.

மறுநாள் காலை காதுக்காரர் தெருமுனையில் வெற்றிக்களிப்போடு பிரேக்கை அழுத்தினார்.

கிறீச்!

அன்றிரவு வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்தது.

"புது பேடா போட்டான்?" மைத்துனர் வாய்விட்டுச் சிரித்தார். "பழசைக் கழுவி மாட்டியிருப்பான் அத்தான். உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுமே, நம்புற முகம்னு. நான் கண்ணாடியை ஏத்திவிட்டு, ஏசியும் போட்டுட்டு வர்றேன். அப்படியும் அந்தச் சத்தம் காதைக் குடையுதுன்னா பாத்துக்குங்க!"

"பழசைக் கையில குடுத்துட்டான் மாப்பிள்ளை. பையில வெச்சிருக்கேன்."

"அது யாரு வண்டிப் பழசோ!"

காதுக்காரர் அதற்கு மேல் வாதாடவில்லை. தமக்குத் தெரிந்த கலையை நம்ப முடிவு செய்தார். அடுத்த நாள் நான்கு ஜன்னல்களையும் இறக்கி, வானொலியை அணைத்து, தலையைச் சற்று வெளியே நீட்டியபடி ஓட்டினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்களை ஒரு கணம் மூடிச் செவியைக் கூர்மையாக்கினார். கடைவீதி முச்சந்தியை அடைவதற்குள் அவருக்குத் தெளிவு பிறந்தது. சத்தம் முன்னாலிருந்து வரவில்லை, பின்னாலிருந்து வருகிறது. அதில் ஐயத்துக்கே இடமில்லை.

அந்த முச்சந்தியில் போக்குவரத்தை ஒழுங்குசெய்யும் பெண் காவலர் ஒருவர் நின்றிருப்பார். சத்தம் கேட்டு அவரும் திரும்பிப் பார்த்தார். பிறகு காரின் பக்கம் விரலை நீட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். காதுக்காரர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். ஒரு கையால் கும்பிடு போட்டுவிட்டு, விளக்கு பச்சையானதும் நழுவினார். 'அரசாங்கத்துக்கே தெரிந்துவிட்டது' என்று மனம் புழுங்கியது.

நேரே மெக்கானிக்கிடம் சென்றார்.

"பின் சக்கரத்துல இருக்கு கோளாறு. பின்னாடி பேடையும் மாத்துங்க."

"அதுவும் நல்லாத்தான் இருக்கும் சார்."

"பின்னாலிருந்துதான் சத்தம் வருது. இந்தக் காது பொய் சொல்லாது."

மெக்கானிக் பின்சக்கரங்களையும் கழற்றினார். அங்கேயும் பேட் தடிமனாக இருந்தது. அதைக் காட்டினார். காதுக்காரர் பார்க்க மறுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலை முடிந்ததும் மெக்கானிக் கையைத் துடைத்தபடி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. வீட்டுல எதுவும் மனக்கஷ்டமா சார்?"

"ஆமா."

"அதான பாத்தேன்," என்று மெக்கானிக் ஆறுதலாகத் தலையசைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தார் முன்னிலையில் ஒத்திகை நடத்திக் களங்கத்தைத் துடைத்துவிடுவது என்று காதுக்காரர் அறிவித்தார். மனைவி முன் இருக்கையில் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். மகள் பின் இருக்கையில், புதிய மெத்தையில்.

"எதுக்கும் நான் பின்னாடியே வர்றேன்," என்றார் மைத்துனர். "நடுவழியில ஏடாகூடமா ஏதாவது ஆச்சுன்னா, பொம்பளைங்க ரோட்டுல நிக்கக் கூடாது பாருங்க."

தம்பியின் முன்யோசனையைக் கண்டு அக்காவுக்குக் கண் பனித்தது.

கார் தெருவைக் கடந்து, பூங்காவைச் சுற்றி, முதல் விளக்கில் மென்மையாக நின்றது.

கிறீ...ச்!

"அப்பா, உள்ள உதைக்குதுப்பா!" என்றாள் மகள்.

"பொறக்காத புள்ளைக்குத் தெரியுது, இந்த மனுசனுக்குத் தெரியலையே!" என்றார் மனைவி. "வண்டியைத் திருப்புங்க."

"எல்லா பேடும் புதுசுடி! சத்தியமா புதுசு!"

"புதுசுக்கே இப்படின்னா, பழசாகி எந்த லட்சணத்துல கத்துமோ!"

திங்கட்கிழமையிலிருந்து காதுக்காரர் புதியதோர் உத்தியைக் கையாண்டார். பிரேக்கைத் தொட்டால்தானே சத்தம்? தொடாமலே ஓட்டுவது என்று தீர்மானித்தார். தொலைவில் விளக்கு சிவப்பானதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். கார் ஊர்ந்து, தயங்கி, யோசித்து, தானாக நிற்கும் நிலைக்கு வரும். சைக்கிள்கள் அவரை முந்தின. சாலையோரம் நடைப்பயிற்சி செய்த முதியவர் ஒருவர் அவரை முந்திச் சென்று, திரும்பிப் பார்த்து, இரக்கத்தோடு தலையசைத்தார்.

ஆனால் சத்தம் குறையவில்லை. மாறாக, கூடியது. முன்பெல்லாம் விளக்குக்கு ஒரு கிறீச்சாக இருந்தது. இப்போது ஒரே விளக்கில் அடுத்தடுத்துப் பல கிறீச்சுகள். காதுக்காரர் குனிந்து தம் காலைப் பார்த்தார். கால் பெடலுக்கு வெளியே, தரையில், சாதுவாக இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே,

கிறீச்! கிறீச்!

தொடாத பிரேக் சத்தமிடுமா? இதுவரை காரைச் சந்தேகித்தவர், அன்று முதன்முறையாகத் தம் காதையே சந்தேகித்தார்.

நிலையத்துக்கு வந்ததும், நோயாளிகள் அமரும் ஒலிபுகா அறைக்குள் தாமே போய் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். உதவியாளர் நடுத்தர வயதுப் பெண்மணி. அவரோடு பல ஆண்டுகள் பணியாற்றியவர். கண்ணாடிக்கு அப்பாலிருந்து மைக்கில் கேட்டார்.

"சார், இன்னிக்கு நீங்களா?"

"ஆமாம்மா. சத்தம் அனுப்புங்க. உள்ளதை உள்ளபடி சொல்லணும். எனக்காக இரக்கப்படக் கூடாது."

உதவியாளர் ஒவ்வொரு ஒலியாக அனுப்பினார். காதுக்காரர் ஒவ்வொன்றுக்கும் பொத்தானை அழுத்தினார். சோதனை முடிந்து வெளியே வந்தவரின் முகம் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர் முகம்போல் இருந்தது.

"சார், பிரமாதம்! உங்க காது அப்படியே புது மெருகு குலையாம இருக்கு."

காதுக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். "போச்சு."

"என்ன சார் போச்சு? நல்ல செய்திதான சொன்னேன்?"

"காது கெட்டுப்போயிருந்தா ஒரு கருவியை மாட்டிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். இப்ப அந்தச் சத்தம் நிஜம்னு ஆயிடுச்சே!"

அதற்குப் பிறகு அவர் போராடவில்லை. மனம் கசந்து, டிக்கியிலிருந்த துணிப்பெட்டியை எடுத்து மைத்துனரின் காரில் வைக்கப் போனார். மைத்துனரின் டிக்கியில் விளம்பரத் தாள்களும் பழைய குடைகளும் நிரம்பியிருந்தமையால் பெட்டிக்கு இடமில்லை. "பெட்டி உங்க வண்டியிலயே வரட்டும் அத்தான். பெட்டிக்கு என்ன பயம்?" என்றார் மைத்துனர். பெட்டிக்கு மட்டும் சாரதியாகும் நிலைக்குத் தாம் தாழ்ந்துவிட்டதை எண்ணிக் காதுக்காரர் அன்று காபியைக்கூட முழுவதும் குடிக்கவில்லை.

அந்த வாரமே ஒரு மத்தியான வேளையில் மகளுக்கு வலி கண்டது. சாப்பாட்டுக்கு வந்திருந்த ஆண்கள் இருவரும் கை கழுவாமல் எழுந்தனர்.

"பொண்ணு என் வண்டியில!" என்று மைத்துனர் சாவியைத் தேடி ஓடினார்.

"அப்பா வண்டியில மெத்தை இருக்கும்மா," என்றாள் மகள், பல்லைக் கடித்தபடி.

"மெத்தையா முக்கியம்? உசுருதாண்டி முக்கியம்," என்று மனைவி மெத்தையை மட்டும் உருவி எடுத்துத் தம்பியின் காரில் விரித்தார். "என்னங்க, நீங்க பெட்டியோட முன்னாடி போய் வழி காட்டுங்க. அவனுக்கு வழி தெரியாது. மெதுவா போங்க. வேகமாவும் போங்க."

காதுக்காரர் வாசலில் ஒரு கணம் நின்றார். மகள் வலியினூடே அவரைப் பார்த்து, "வந்துடுவேன்பா, நீங்க பத்திரமா போங்க," என்றாள். பத்திரமாகப் போகச் சொல்ல வேண்டியவர் தாம் அல்லவா என்று அவர் நினைத்துக்கொண்டார். ஏறி வண்டியைக் கிளப்பினார்.

பின்னால் மைத்துனரின் கார் ஒட்டினாற்போல் வந்தது. முதல் விளக்கிலேயே சத்தம் எழுந்தது. ஆனால் அது பழைய கிறீச்சு அன்று. அதனடியில் கரகரவென்று ஏதோ அரைபடும் புது ஒலியும் சேர்ந்திருந்தது. இரும்பும் இரும்பும் அரைப்பது அது என்று மெக்கானிக் சொன்னது காதுக்காரரின் நினைவுக்கு வந்தது. புத்தம்புதிய பேட்கள் பத்து நாளுக்குள் அடியோடு தேய்ந்துவிட்டனவா? காரை அங்கேயே விட்டுவிட்டு ஓடிப்போய்விடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது.

கைப்பேசி அழைத்தது. ஒலிபெருக்கியில் மனைவியின் குரல்.

"என்னங்க, உங்க வண்டிச் சத்தம் இங்க தாங்க முடியல! கால்ல அதிருது! தயவு செஞ்சு பிரேக்கையே போடாதீங்க!"

"போடாட்டி எப்படிடி நிக்கிறது?"

"அத்தான், எனக்கும் ஒரு மாதிரியா இருக்கு," என்று மைத்துனரின் குரல் இடையே புகுந்தது. "உங்க பதற்றத்துல என் காலும் ரொம்ப ஆழமா போவுது!"

"நீ ரோட்டைப் பாருடா!" என்றார் மனைவி. பின்னணியில் மகள், "யாராவது சீக்கிரம் போங்களேன்!" என்று அலறினாள். இணைப்பு அறுந்தது.

கடைவீதி முச்சந்தி வந்தது. அதைக் கடந்தால் மருத்துவமனை. விளக்கு சிவப்பாக இருந்தது. காதுக்காரர் ஆண்டவனை வேண்டிக்கொண்டு நிறுத்தினார். கிறீச்சும் கரகரப்பும் கலந்து எழுந்த பேரோசையில் நடைபாதையில் போனவர்கள் காதைப் பொத்திக்கொண்டனர்.

பெண் காவலர் விசில் ஊதியபடி நெருங்கி வந்தார். இம்முறை நழுவ வழியில்லை. அவர் கையை உயர்த்தி இரண்டு கார்களையும் ஓரங்கட்டச் சொன்னார்.

காதுக்காரர் கதவைத் திறந்து கைகூப்பியபடி ஓடினார்.

"அம்மா, தப்பு என்னுதுதான். முன்னாடி பேட் மாத்திட்டேன், பின்னாடி பேட் மாத்திட்டேன். காதைக்கூட டெஸ்ட் பண்ணிட்டேன். என் வண்டியைப் பிடிச்சு வெச்சுக்குங்க. ஆனா பின்னாடி வண்டியில என் பொண்ணு இருக்கா, பிரசவ வலி. அந்த வண்டியை மட்டும் விட்டுடுங்க. அது நல்ல வண்டி."

மைத்துனரும் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "ஆமா மேடம், நானும் தினமும் சொல்லிட்டுதான் இருக்கேன். அத்தான் கேக்க மாட்டேங்குறாரு."

காவலர் இருவரையும் மாறி மாறி ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மைத்துனரின் காருடைய பின்கதவை அகலத் திறந்து, மகளுக்குக் கைகொடுத்தார்.

"பொண்ணை மொதல்ல உங்க வண்டிக்கு மாத்துங்க சார், உங்க வண்டி ஒரு நாள்கூடக் கத்தினதில்ல, நீங்க நிக்கும்போதெல்லாம் பின்னாடி கத்துறது பிரேக்கே இல்லாத இந்த வண்டிதான்!"

வாசகரே, சிரித்தது போதும். எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே போய், சக்கரத்தின் இடைவெளி வழியே பிரேக் பேட் எவ்வளவு தடிமன் இருக்கிறதென்று இப்போதே பாருங்கள்: உங்கள் காரில், உங்கள் அத்தான் காரில் அல்ல.